ஒரே கணக்கா, தனிக் கணக்கா, கம்பெனியா? ஆடி மாதத்தைத் தாங்கும் வழி எது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், ஃபீனிக்ஸில் பரதநாட்டிய உடை தைக்கும் ஒரு தங்கை, மெரிபேங்கில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு தம்பி, வெருலத்தில் சேர்ந்து அழைப்பிதழ் அச்சிடும் இரண்டு நண்பர்கள். கடந்த சில மாதங்களில் இந்த மூன்று இடங்களிலிருந்தும் எனக்கு ஒரே கேள்வி வந்தது: "அக்கா, வருகிற பணத்தைச் சொந்தக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாமா, தொழிலுக்கென்று தனிக் கணக்குத் திறக்கவேண்டுமா, இல்லை கம்பெனியே பதிவு செய்துவிடலாமா?"

நான் சாட்ஸ்வர்த்தில் பதினொரு ஆண்டுகளாக மணவறை அலங்காரம் செய்கிறேன். முதல் வழியில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். இப்போது இரண்டாவது வழியில் இருக்கிறேன். மூன்றாவதன் வாசல் வரை போய், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஆகவே மூன்றையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் வரிக் கணக்குகள் எல்லாம் 2025-26 வரி ஆண்டுக்கு உரியவை. அதாவது 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி 28 வரை. நிதியமைச்சர் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் இந்த எண்களை மாற்றலாம். உங்கள் ஆண்டின் விகிதத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள்; கணக்கிடும் முறை மாறாது.

## எதை வைத்து அளப்பது

வங்கிக் கட்டணம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்கவேண்டியது. நம் தொழிலுக்கு முதல் அளவுகோல் பஞ்சாங்கம்.

நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம். புரட்டாசி விரத மாதம். அப்போதும் கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. ஆக, ஆண்டில் மூன்று மாதங்கள் கல்லாப்பெட்டி காலியாக இருக்கும். இனி வரித்துறையான சார்ஸின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் புரொவிஷனல் வரியின், அதாவது ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே கட்டும் வரியின், முதல் தவணையை ஆகஸ்ட் இறுதிக்குள் கட்டவேண்டும். ஆடி முடிந்து இரண்டே வாரம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியிருக்கும், ஆனால் பாக்கிப் பணம் கைக்கு வந்திருக்காது. கட்டத் தவறினால் கட்டவேண்டிய தொகையில் 10 விழுக்காடு அபராதம். அதற்கு மேல் வட்டி. இரண்டாம் தவணை பிப்ரவரி இறுதியில் வருகிறது. தை மாதக் கல்யாணங்கள் முடிந்த நேரம் என்பதால் அது நம்மை அவ்வளவு வருத்துவதில்லை.

எனவே என் முதல் கேள்வி இது: நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி, ஆகஸ்ட் 31 அன்று வரிப் பணத்தை உங்கள் கையில் வைத்திருக்குமா?

இரண்டாவது கேள்வி முன்பணத்தைப் பற்றியது. நாம் பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்குகிறோம். பூ வாங்கி, மணவறை கட்டி முடிக்கும் வரை அது மணப்பெண் வீட்டாரின் பணம். அதை உங்கள் வழி காப்பாற்றுமா?

மற்றவை எளியவை. மாதம் எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம் தின்னும், தொழில் நொடித்தால் வீட்டைத் தொடுமா, ஓட்டல்களும் நிறுவனங்களும் உங்களை நம்பி ஆர்டர் தருமா.

## முதல் வழி: எல்லாம் ஒரே கணக்கில்

சம்பாத்தியம், வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், செவ்வந்திப் பூ, நாடா, வேன் பெட்ரோல் எல்லாம் ஒரே கணக்கில் ஓடும். கூடுதல் கட்டணம் இல்லை. புதிதாகக் கற்கவும் ஒன்றுமில்லை. சட்டத்திலும் தடையில்லை. உங்கள் வங்கியின் விதிமுறை தனிநபர் கணக்கில் வியாபாரத்தை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் மறைவான செலவை நான் கட்டியிருக்கிறேன். ஒரு ஜூன் மாதம், நவம்பர் கல்யாணம் ஒன்றுக்கு 18,000 ராண்ட் முன்பணம் வந்தது. ஃபோனில் செய்தி வந்தபோது, மீதித் தொகை என்று திரையில் தெரிந்த எண் எனக்கு என் பணமாகவே தெரிந்தது. ஜூலையில் வேனின் கியர்பெட்டி போயிற்று, அதற்குக் கொடுத்தேன். ஆடியில் வீட்டுச் செலவு. ஆகஸ்டில் வரி. நவம்பரில் பூ வாங்கப் போனபோது, அந்தக் கல்யாணத்தின் பணத்தில் ஒரு ராண்ட் கூட இல்லை. அண்ணியிடம் கைம்மாற்று வாங்கித்தான் மணவறையைக் கட்டினேன். அன்று மணப்பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆண்டு முடிவில் இன்னொரு செலவு காத்திருக்கிறது. பன்னிரண்டு மாத வங்கிப் பட்டியலில் எது வீடு, எது தொழில் என்று வரிவரியாகப் பிரிக்கவேண்டும். நீங்கள் பிரித்தால் உங்கள் நேரம் போகிறது. கணக்காளர் பிரித்தால் அவர் நேரத்துக்கு நீங்கள் பணம் தருகிறீர்கள். பிரிக்க முடியாமல் விட்டுப்போன ஒவ்வொரு செலவும், வரிக் கணக்கில் உங்களுக்கு லாபமாகவே நிற்கும்.

ஆனாலும் இந்த வழி சிலருக்குச் சரியானதே. முதல் ஆண்டில் இருப்பவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டு வார இறுதியில் மட்டும் மருதாணி வைப்பவர்கள், முன்பணமே வாங்காமல் பொருளைக் கொடுத்ததும் காசு வாங்குபவர்கள். 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆண்டின் மொத்த வரிக்குரிய வருமானம் 95,750 ராண்டைத் தாண்டாவிட்டால் வருமான வரியே இல்லை. அந்த அளவுக்குள் இருப்பவர்கள் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் வேறு வேலையில் வரும் சம்பளமும் அந்தத் தொகையில் சேரும் என்பதை மறக்கவேண்டாம்.

## இரண்டாவது வழி: தனிக் கணக்கும் மாதச் சம்பளமும்

இதில் நீங்கள் கம்பெனி அல்ல. சட்டத்தின் முன் தொழிலும் நீங்களும் ஒருவரே. ஆனால் பணம் தனித்தனிப் பானைகளில் இருக்கும். என்னிடம் மூன்று பானைகள் உள்ளன.

வாடிக்கையாளர் கட்டும் பணம் எல்லாம் தொழில் கணக்குக்கு வரும். முன்பணம் அன்றே ஒரு சேமிப்புப் பையில் போய் உட்காரும். அந்தக் கல்யாணத்துக்குப் பூ, துணி வாங்க மட்டுமே அதைத் திறப்பேன். வரும் ஒவ்வொரு நூறு ராண்டிலும் பத்து ராண்ட் வரிப் பானைக்குப் போகும். மிச்சத்தில் மாதம் 25-ஆம் தேதி எனக்கு ஒரே தொகை. தையிலும் அதுதான், ஆடியிலும் அதுதான்.

அந்தத் தொகையை எப்படி முடிவு செய்வது என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஓர் உதாரணம் போடுவோம். ஆண்டு வரவு 4,20,000 ராண்ட். பூ, துணி, போக்குவரத்து, கூலி எல்லாம் 1,90,000. லாபம் 2,30,000. இதற்கு 18 விழுக்காடு 41,400. அடிப்படைத் தள்ளுபடி 17,235 போனால் கட்டவேண்டிய வரி 24,165. கையில் நிற்பது 2,05,835. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 17,150. அதை முழுவதும் எடுக்காதீர்கள். ஐந்தில் நான்கு பங்கு, 13,700 எடுங்கள். மீதி ஒரு பங்கு புரட்டாசிக்கும் மார்கழிக்கும் அணையாக நிற்கும். இந்தச் "சம்பளம்" நீங்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு மட்டுமே. தனிநபர் தொழிலில் அதைச் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது; முழு லாபத்துக்கும் வரி உண்டு.

வரிப் பானையை நான் 32 நாள் முன்னறிவிப்புக் கணக்கில் வைக்கிறேன். நம் வங்கிகளில் பரவலாக உள்ள கணக்குதான். கொஞ்சம் வட்டி தரும். அதைவிட முக்கியம், நினைத்தவுடன் எடுக்க முடியாது. ஆகஸ்ட் 31-க்குப் பணம் வேண்டுமென்றால் ஜூலை 30-க்குள் சொல்லிவிடவேண்டும். என் ஃபோனில் ஜூலை 25 என்று நினைவூட்டல் வைத்திருக்கிறேன். வரிப் பணத்தைச் சீட்டிலோ, ஸ்டோக்வெல் என்னும் கூட்டுச் சேமிப்புக் குழுவிலோ போடாதீர்கள். நல்ல மனிதர்கள் நடத்தும் நல்ல சீட்டாகவே இருக்கட்டும். உங்கள் முறை அக்டோபரில் வந்தால் ஆகஸ்ட் வரியை எதைக்கொண்டு கட்டுவீர்கள்?

மறைவான செலவுகள் இதிலும் உண்டு. இரண்டு கணக்குக்கும் தனித்தனியாக மாதக் கட்டணம். தொழில் கணக்கில் ரொக்கம் போட்டால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். அட்டைக் கருவி வைத்தால் நூறு ராண்டுக்கு மூன்று ராண்ட் அளவில் போகும். விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இங்கே ரசீதைப் பற்றியும் சொல்லவேண்டும். சார்ஸ் கேட்கும் ஆதாரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். ஒருமுறை வேனின் முன்பெட்டியைத் திறந்து மூன்று மாத ரசீதுக் கட்டை எடுத்தேன். டர்பன் வெயிலில் வெந்து, எல்லாம் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. ஓர் எழுத்துக் கூட மிஞ்சவில்லை. வாங்கிய இடத்திலேயே படம் பிடிப்பது அன்றிலிருந்து என் பழக்கம். வார்விக் காலைச் சந்தையில் பூ வாங்கினால் ரசீது கிடைக்காது. அதற்கென ஒரு கார்பன் புத்தகம் வைத்திருக்கிறேன். தேதி, பொருள், தொகை எழுதி, விற்ற அம்மாவிடமே கையெழுத்து வாங்கிவிடுவேன். அரை நிமிட வேலை.

### இதற்குள் இன்னொரு தேர்வு: விற்றுமுதல் வரி

இரண்டாவது வழியில் இருப்பவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. 2025-26 விதிப்படி, ஆண்டு வரவு 10 லட்சம் ராண்டுக்குள் இருக்கும் சிறுதொழில், லாபத்துக்குப் பதிலாக மொத்த வரவின் மீது வரி கட்டலாம். முதல் 3,35,000 ராண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 5,00,000 வரை 1 விழுக்காடு, 7,50,000 வரை 2 விழுக்காடு, அதற்கு மேல் 3 விழுக்காடு.

மேலே சொன்ன அதே உதாரணத்தில், 4,20,000 வரவுக்கு விற்றுமுதல் வரி 850 ராண்ட். ஆம், 24,165-க்குப் பதிலாக 850. முதன்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது நான் மூன்று தடவை சரிபார்த்தேன்.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. செலவைக் கழிக்க முடியாது என்பதால், அதிகம் வரவும் சிறு லாபமும் உள்ளவர்கள் நஷ்டப்படுவார்கள். வரவு 9,00,000, லாபம் 1,20,000 என்று வையுங்கள். விற்றுமுதல் வரி 11,150. சாதாரண வருமான வரி 4,365. கேமராவும் லென்சும் வாங்கும் ஆண்டில் படக்காரத் தம்பிக்கும் இந்த நிலை வரலாம். நஷ்டமான ஆண்டிலும் இந்த வரி விடாது. கல்வி, ஆலோசனை, இதழியல் என்று சட்டம் பட்டியலிடும் தொழில்முறைச் சேவைகளிலிருந்து மொத்த வரவில் 20 விழுக்காட்டுக்கு மேல் வந்தால், தனிநபருக்கு இதில் இடமில்லை. நடனமும் பாட்டும் கற்றுக்கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்கவேண்டும். பதிவை வரி ஆண்டு தொடங்கும் முன்பே செய்யவேண்டும். புதிய தொழில் என்றால் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள். இதிலும் ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் தவணை உண்டு.

## மூன்றாவது வழி: கம்பெனி

பதிவு மலிவு. கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான சிஐபிசி-யில் கம்பெனிப் பதிவு 125 ராண்ட், பெயர் ஒதுக்கீடு 50 ராண்ட். இந்த மலிவைப் பார்த்துத்தான் பலர் அவசரப்படுகிறார்கள். உண்மையான செலவு பிறகு வரும்: ஆண்டுதோறும் சிஐபிசி-க்கு அறிக்கை, கம்பெனிக்குத் தனி வரிப் படிவம், உங்களுக்குத் தனி வரிப் படிவம், இரண்டுக்கும் புரொவிஷனல் வரி, இவற்றுக்கெல்லாம் கணக்காளர். கம்பெனிப் பணத்தை வீட்டுக்கு எடுத்தால் அதைச் சம்பளமாகவோ கடனாகவோ ஈவுத்தொகையாகவோ எழுதியாகவேண்டும். ஒரே கணக்கில் புழங்கிப் பழகியவர்கள் இங்கேதான் இடறி விழுகிறார்கள்.

கம்பெனி வைத்தால் வரி குறையும் என்ற பேச்சும் பாதிதான் உண்மை. கம்பெனி வரி 27 விழுக்காடு. சிறுதொழில் நிறுவனமாகத் தகுதி பெற்றால் முதல் 95,750 ராண்டுக்கு வரி இல்லை, 3,65,000 வரை 7 விழுக்காடு. அதே 2,30,000 லாபத்தை முழுவதும் சம்பளமாக எடுத்தால் உங்கள் வருமான வரி அதே 24,165. சம்பளப் பட்டியலுக்கு உரிய யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) போன்ற வேலைகள் தனி. சம்பளம் 95,750, மீதி 1,34,250 லாபம் என்று பிரித்தால், சிறுதொழில் விகிதத்தில் கம்பெனி கட்டுவது 2,695 மட்டும். இங்கேதான் கண் விரியும். ஆனால் அந்த மீதிப் பணத்தை வீட்டுக்கு எடுக்கும் நாளில் ஈவுத்தொகை வரி 20 விழுக்காடு, 26,311 ராண்ட். இரண்டும் சேர்ந்து 29,006. தனிநபராகக் கட்டியதைவிட அதிகம். லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே விட்டு வேனோ இயந்திரமோ வாங்குபவர்களுக்கே இதில் நன்மை. மாதாமாதம் அந்தக் காசில் அடுப்பு எரிய வேண்டியவர்களுக்கு இல்லை.

கம்பெனி நொடித்தால் வீடு தப்பும் என்பது சட்டப்படி சரி. ஆனால் கடன் கேட்டுப் போனால் வங்கி பெரும்பாலும் உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்கும். கையெழுத்துப் போட்ட அளவுக்கு அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பெரிய ஓட்டல்களின் ஆர்டருக்காகக் கம்பெனி வேண்டும் என்பவர்கள், அவர்கள் என்ன காகிதம் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பலர் கேட்பது சார்ஸின் வரி இணக்க PIN எண்ணும், கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்துக்கான பி-பிபிஇஇ உறுதிமொழிப் பத்திரமும். இரண்டையும் தனிநபர் தொழிலாளியே பெறலாம்.

கம்பெனி உண்மையிலேயே தேவைப்படும் இடம், இருவர் சேர்ந்து தொழில் செய்யும் இடம். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் இயந்திரம் யாருக்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடலாம். ஆட்களை நிரந்தரமாக வைத்திருப்பவர்களுக்கும், மேடை சரிந்தால் விருந்தினர் காயப்படக்கூடிய வேலை செய்பவர்களுக்கும் அது பொருந்தும். இந்தக் கடைசிக் காரணத்துக்கு, கம்பெனியோடு பொதுப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | ஒரே கணக்கு | தனிக் கணக்கு | கம்பெனி |
|---|---|---|---|
| ஆகஸ்ட் வரிக்குப் பணம் | பெரும்பாலும் இருக்காது | வரிப் பானை இருந்தால் இருக்கும் | ஒழுங்கு இருந்தால் இருக்கும். கம்பெனிக்கும் உங்களுக்கும் கட்டவேண்டும் |
| முன்பணம் | கரைந்துவிடும் | தனியாக நிற்கும் | தனியாக வைத்தால் நிற்கும் |
| மாதச் செலவு | மிகக் குறைவு | இரண்டாவது கணக்கின் கட்டணம் | வங்கிக் கட்டணமும் கணக்காளரும் |
| உங்கள் நேரம் | ஆண்டு முடிவில் மொத்தமாக | வாரம் ஒரு மணி நேரம் | வாரந்தோறும், படிவங்கள் தனி |
| வீட்டுக்கு ஆபத்து | உண்டு | உண்டு | குறைவு, ஜாமீன் போடாத வரை |
| விற்றுமுதல் வரி | பதியலாம் | பதியலாம் | பதியலாம், நிபந்தனைகள் கூடுதல் |

## யாருக்கு என்ன சொன்னேன்

உடை தைக்கும் தங்கைக்குத் தயக்கமின்றி இரண்டாவது வழியும் விற்றுமுதல் வரியும். அவர் விற்பது துணி, உழைப்பு; வரவு 3,35,000-க்குள்தான் நிற்கிறது. வரியே வராது. ஆனால் அரங்கேற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே முன்பணம் வாங்குகிறார். அந்தப் பை அவருக்கு மிக அவசியம்.

படக்காரத் தம்பி இந்த ஆண்டு புதுக் கேமரா வாங்குகிறார். அதனால் தனிக் கணக்கு, சாதாரண வருமான வரி. அவருக்குச் சொன்ன இன்னொன்று: பிப்ரவரியில் முன்பணம் வாங்கி ஏப்ரலில் படம் எடுத்தால், வரிச் சட்டம் அந்தப் பணத்தைப் பிப்ரவரி வரவாகவே பார்க்கும். வேலைக்கு இனிமேல்தான் செலவாகும் என்பதற்கு வருமான வரிச் சட்டத்தின் 24சி பிரிவு ஒரு கழிவைத் தருகிறது. கணக்காளரிடம் அந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்கச் சொன்னேன்.

வெருலம் நண்பர்களுக்குக் கம்பெனி. அவர்கள் அச்சு இயந்திரம் வாங்க லாபத்தை உள்ளேயே விடப்போகிறார்கள். வரவும் 10 லட்சத்தை நெருங்குகிறது. 2025-26 விதிப்படி 12 மாதத்தில் அதைத் தாண்டினால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) பதிவு கட்டாயமாக இருந்தது, விலையில் 15 விழுக்காடு ஏறும். மணமக்கள் வீட்டாரால் அந்த 15-ஐத் திரும்பப் பெற முடியாது. எனவே இப்போதே விலைப்பட்டியலை மாற்றி எழுதச் சொன்னேன்.

மாறுவதென்றால் மார்ச் 1-ஆம் தேதி மாறுங்கள். வரி ஆண்டு அன்றே தொடங்குகிறது. ஓர் ஆண்டைப் பாதியில் பிளக்கவேண்டியதில்லை. ஆனால் வேலையை பிப்ரவரிக்குத் தள்ளாதீர்கள். தை முகூர்த்தங்களில் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. கணக்காளர்கள் விடுமுறை முடிந்து ஜனவரி தொடக்கத்தில் அலுவலகம் திறப்பார்கள். மார்கழி முடிய அப்போது இன்னும் சில நாட்கள் இருக்கும். வங்கிப் பட்டியலையும் ரசீதுப் படங்களையும் எடுத்துக்கொண்டு அந்த நாட்களில் போங்கள்.